சுவருக்குள் ஓடும் வயர் யாருடையது? யாழ்ப்பாணத்து வீட்டுக்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய வீட்டுக்காரர்களுக்கு,

வீட்டை யாழ்ப்பாணத்திலும் குடும்பத்தைக் கனடாவிலும் லண்டனிலும் வைத்திருக்கும் உங்களுக்கு, கொக்குவிலில் வாடகைக்கு இருக்கும் ஒருத்தி எழுதிக்கொள்வது. முற்பணம், ஒப்பந்தம், வீட்டைப் பார்த்துக்கொள்ளும் மச்சான் எல்லாம் உங்களுக்குத் தெரிந்த கதை. நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

போன கார்த்திகை மழையோடு எங்கள் வீட்டு ட்ரிப் சுவிச், கரண்ட் கசிந்தால் தானாக விழுந்து கரண்டை நிறுத்துகிற அந்தச் சுவிச், விழத் தொடங்கியது. இருட்டு எனக்குப் புதிதில்லை. 1990இல் யுத்தத்தால் கரண்ட் நின்றபிறகு ஜாம் போத்தல் விளக்கில் படித்தவள் நான். ஆனால் எங்களுக்குத் தண்ணீர் கிணற்றிலிருந்துதான் வரவேண்டும். மோட்டரைப் போட்டால் ட்ரிப் விழும். 11 நாள் வாளியால் அள்ளினோம். சமைக்க, கழிப்பறைக்கு, 76 வயது மாமியைக் குளிப்பாட்ட. மாரிக் கிணறு என்பதால் தண்ணீர் மேலே நின்றது, அது ஒரு புண்ணியம். ஈரக் கயிறு உள்ளங்கையைத் தின்றுவிட்டது. ஒரு கிழமைக்கு என்னால் பேனை பிடிக்க முடியவில்லை.

வயரிங் வேலை செய்கிற தம்பி வந்து பார்த்தார். மழைத் தண்ணீர் வயர் ஓடும் பைப்புக்குள் இறங்கியிருக்கிறது. உள்ளே பழைய வயர், உறை வெடித்துக் கிடக்கிறது. கசியும் கரண்டை மண்ணுக்குள் இறக்கும் எர்த் வயர் கிணற்றடியில் அறுந்து நிற்கிறது. 38,000 ரூபா முடியும் என்றார். வீட்டுக்காரருக்கு வாட்ஸ்அப்பில் படம் அனுப்பினேன். "நீங்கள்தானே பாவிக்கிறீங்கள், நீங்கள்தான் செய்யவேணும்" என்று குரல் பதிவு வந்தது. மச்சான் அதற்கும் மேலே போனார்: "ட்ரிப்பைக் கழட்டிப்போட்டு நேரே குடுக்கச் சொல்லுங்கோ."

ஐயா, 30 மில்லி அம்பியர் கசிந்தாலே விழுவதற்காகத்தான் அது அங்கே இருக்கிறது. ஈரக் கையோடு மோட்டர் சுவிச்சைத் தொடுகிறவர் உயிரோடு வீட்டுக்குள் வருவது அதனால்தான். அதைக் கழட்டினால் செலவு மிச்சம் என்றால், அந்தக் கணக்கில் எங்களை எவ்வளவுக்குப் போட்டீர்கள்?

பல்ப் எரிந்தால் எங்கள் செலவு. எங்கள் அயர்ன் பெட்டி கருக்கிய பிளக் எங்கள் செலவு. சுவருக்குள் ஓடும் வயர், மெயின் போர்ட், ட்ரிப், எர்த் உங்களுடையவை. வீட்டைக் காலி செய்யும்போது நாங்கள் அவற்றை உருவிக்கொண்டு போகப்போவதில்லை. கரண்ட் தருகிறவர்களின் பொறுப்பும் மீட்டரோடு நின்றுவிடும். குடியிருக்கத் தக்க நிலையில் வீட்டை வைத்திருப்பது உரிமையாளரின் கடமை என்பதுதான், ஒல்லாந்தர் காலத்தில் வந்து இங்கே இன்றும் நடைமுறையில் உள்ள உரோமன் டச்சுச் சட்டத்தின் பொதுவான நிலை, ஒப்பந்தத்தில் வேறுமாதிரி எழுதாதவரை. நீங்கள் வேறுமாதிரித்தான் எழுதுகிறீர்கள். "சகல திருத்தங்களும் வாடகையாளரையே சேரும்." வேறு வீடு கிடைக்காத அவசரத்தில் நாங்களும் கையெழுத்து வைக்கிறோம்.

நல்லூர்த் திருவிழாவுக்கு வரும்போது மதிலுக்குப் பெயின்ற் அடிக்கிறீர்கள், கேற்றுக்குப் புதுப் பூட்டுப் போடுகிறீர்கள், பிறகு மதிலைக் காட்டி வாடகையைக் கூட்டுகிறீர்கள். ரோட்டால் போகிறவர் கண்ணுக்கு வயர் தெரியாதுதானே.

சரி, கோபம் போதும். தயவாகக் கேட்கிறேன்: ஒப்பந்தத்தில் அந்த ஒரு வரியை மாற்றுங்கள். சுவருக்குள் இருப்பது உங்கள் செலவு என்று எழுதுங்கள். அவசரத்துக்கு நாங்கள் செய்வித்தால், பற்றுச்சீட்டைப் பார்த்து வாடகையில் கழிக்க விடுங்கள். நான் காப்பை அடகு வைத்துத்தான் செய்வித்தேன். பற்றுச்சீட்டு பத்திரமாக இருக்கிறது.

அடுத்தமுறை வீடியோவில் மதிலைக் காட்டச் சொல்லும்போது, மெயின் போர்ட்டையும் ஒருக்கால் காட்டச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
கொக்குவிலில் வாடகைக்கு இருப்பவள்