திங்கட்கிழமை கையெழுத்து

அன்புள்ள அம்மிணிக்கு,

அப்பா எழுதுகிறேன். போனில் சொல்லத்தான் நேற்று ராத்திரி கூப்பிட்டேன். நீ ஆபீஸில் இருந்தாய், சுற்றிலும் ஒரே பேச்சுச் சத்தம். உன் அம்மா வேறு போனைப் பிடுங்கி, சாப்பிட்டாயா, இளைத்துவிட்டாயா என்று ஆரம்பித்துவிட்டாள். அதனால் தாளில் எழுதி, போட்டோ எடுத்து அனுப்புகிறேன்.

அவிநாசி ரோட்டில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனி, தையல் மிஷின் மொத்தத்தையும் பழுது பார்க்கிற வேலையை என் பொறுப்பில் விடுகிறேன் என்கிறது. 140 மிஷின். ஓவர்லாக் 60, பேட்லாக் (ஃப்ளாட்லாக்) 45, சிங்கர் 35 என்று மூன்று வகை. நானும் இருபத்தாறு வருஷமாக டூல்ஸ் பையைத் தூக்கிக்கொண்டு திருப்பூரைச் சுற்றுகிறேன். பத்து மிஷின் வைத்திருக்கிற ஜாப் ஒர்க் யூனிட்டைத் தாண்டியதில்லை. பெரிய கம்பெனி கேட்டில் நோட்டை நீட்டிப் பேர் எழுதச் சொன்னாலே எனக்கு வேர்த்துவிடும். உனக்குத்தான் தெரியுமே.

எப்படி வந்தது என்று கேட்பாய். அங்கே லைன் சூப்பர்வைசராக இருக்கிற பையன், முன்பு அங்கேரிபாளையத்து யூனிட்டில் என்னிடம் திட்டு வாங்கியவன். அவன்தான் கூப்பிட்டான். குழந்தைகள் டி-ஷர்ட் ஆர்டர். தைத்துச் செக்கிங் முடிந்தபோது ஒன்றும் தெரியவில்லை. வாஷிங் போய் வந்த பீஸில் தோள் தையலை ஒட்டிப் பொட்டுப் பொட்டாக ஓட்டை. துணிக்காரர் மேல் பழி, சாயக்காரர் மேல் பழி. வந்து பார்த்த மெக்கானிக்குகள் நூல் டென்ஷனைக் குறைத்திருக்கிறார்கள், அடியில் நூலைக் கோக்கிற லூப்பரைத் தள்ளி வைத்திருக்கிறார்கள், ஓட்டை நிற்கவில்லை. நான் போய் மிஷினைத் தொடவே இல்லை. ஒரு ஊசியைக் கழற்றிக் கட்டை விரல் நகத்தில் லேசாக இழுத்தேன். பிளேடு மாதிரி கோடு விழுந்தது.

பனியன் துணி நெய்த துணி இல்லை, கண்ணி கண்ணியாகப் பின்னியது. அதற்கு முனை உருண்ட ஊசி வேண்டும். அது நூலை ஒதுக்கிவிட்டு இரண்டு நூலுக்கு நடுவில் இறங்கும். கூர்முனை ஊசி நூலையே வெட்டிவிடும். வெட்டுப்பட்டது அப்போது தெரியாது. தண்ணீரில் போட்டு இழுபட்டதும் கண்ணி பிரிந்து ஓட்டை வாய் திறக்கும். ஸ்டோரில் ஊசி தீர்ந்த அன்றைக்கு யாரோ அதே டிசி 27 வகை, அதே 11-ஆம் நம்பர் சைஸ் என்று சட்டைத் துணி ஊசியை வாங்கிப் போட்டிருக்கிறார்கள். சைஸ் சரிதான், முனை வேறு. அது பாக்கெட்டைப் படித்தால்தான் தெரியும். அந்த லைனில் 18 ஓவர்லாக்கிலும் ஊசி மாற்றி, ஒரு துண்டு தைத்து, பக்கெட்டில் அலசி முறுக்கிப் பிழிந்து காட்டினேன். ஓட்டை இல்லை. 500 ரூபாய் வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். அடுத்த வாரம் மேனேஜர் போன்.

மாதம் 42,000 பேசியிருக்கிறது. வாரம் இரண்டு நாள் முழு சர்வீஸ், நடுவில் எப்போது கூப்பிட்டாலும் போக வேண்டும். ஊசி, கத்தி, லூப்பர் எல்லாம் அவர்கள் கணக்கு. உதவிக்கு ஒரு பையனைச் சேர்க்க வேண்டும், அவனுக்கு 18,000 போய்விடும். கையில் நிற்பது பெரிய தொகை இல்லை என்பாய். சரி. ஆனால் மாதம் பிறந்தால் வரும் என்று தெரிந்த பணத்தை நான் இதுவரை பார்த்ததே இல்லை அம்மிணி.

சந்தோஷத்தோடு பயமும் சேர்ந்தே இருக்கிறது. 2011 ஜனவரியில் கோர்ட் உத்தரவு வந்து சாயப்பட்டறைகளை மூடினார்களே, அப்போது நீ இரண்டாவது படித்தாய். நான் நாலு யூனிட் வைத்திருந்த ஒருத்தரையே நம்பியிருந்த காலம் அது. அவர் பூட்டிக்கொண்டு ஊருக்குப் போனார், என்னுடைய 17,000 பாக்கியும் அவரோடு போனது. அந்த மூன்று மாதம் அடுப்பு எரிந்தது அங்கேரிபாளையத்து அக்காவால். அவர் யூனிட்டில் ஆறு மிஷின்தான். நூறு, இருநூறு என்று வாரா வாரம் சனிக்கிழமை சம்பளம் போடும்போதே எனக்கும் எடுத்து வைத்துவிடுவார். அதனால் மேனேஜரிடம் சொல்லிவிட்டேன், வெள்ளிக்கிழமை என்னுடைய பழைய யூனிட்டுகளுக்கு, அன்றைக்கு உயிர் போகிற அவசரம் என்றால் பையன் வருவான், நான் வரமாட்டேன் என்று. சரக்கு எந்த நாட்டுக்குப் போகிறது என்றும் கேட்டேன். 2025 ஆகஸ்டில் அமெரிக்கா 50 சதவீதம் வரி போட்டபோது எத்தனை லைன் சும்மா கிடந்தது என்று கண்ணால் பார்த்தவன் இல்லையா. மெக்கானிக் கேட்கிற கேள்வியா இது என்று சிரித்தார். முக்கால்வாசி ஐரோப்பாவுக்காம்.

இப்போது உன் வேலை. அக்ரிமென்ட் நாலு பக்கம், முழுக்க இங்கிலீஷ். மூன்றாம் பக்கத்தில் பில் கொடுத்து 90 நாளில் பணம் என்று போட்டிருக்கிறது. போன தீபாவளி லீவில் எனக்குச் சிறுதொழில் என்று உத்யம் பதிவு பண்ணிக் கொடுத்தாயே, அந்தச் சான்றிதழைக் காட்டினால் எழுத்தில் என்ன போட்டிருந்தாலும் 45 நாளுக்கு மேல் தள்ள முடியாது, எழுத்தே இல்லையென்றால் 15 நாள்தான் என்று அன்றைக்கே சொன்னாய். அதை லேமினேட் பண்ணிப் பையிலேயே வைத்திருக்கிறேன். ஆனால் முதல் நாளே சட்டம் பேசினால் முறைத்துக்கொள்வார்களோ என்றும் இருக்கிறது. 30 நாள் என்று கேட்டு 45-இல் நிற்கட்டுமா? உனக்குத்தான் இந்தப் பாஷை தெரியும், மரியாதையாக இரண்டு வரி எழுதி அனுப்பு. வருமான வரிக்கென்று டிடிஎஸ் பிடிப்பார்களாம், அது திரும்ப வருமா என்பதையும் சொல். ஜிஎஸ்டி வேண்டாம் என்றுதான் நினைக்கிறேன், வருஷத்துக்கு 20 லட்சத்துக்கு நான் எங்கே போக.

இன்னொன்று. இந்த வேலை வந்துவிட்டதே என்று, வீட்டுக்கு அனுப்புகிற 8,000-ஐ நிறுத்திவிடு என்று உன் அம்மாவை விட்டுச் சொல்லச் சொன்னேன். அவள் சொல்லியிருக்கமாட்டாள். நானே சொல்கிறேன், அடுத்த மாதத்திலிருந்து அனுப்பாதே.

திங்கட்கிழமை பத்து மணிக்குக் கையெழுத்து. உன் அம்மா வெள்ளைச் சட்டையை இஸ்திரி போட்டு வைத்திருக்கிறாள். நான் காக்கிச் சட்டையிலேயே போகலாம் என்றிருக்கிறேன், கையெழுத்து முடிந்ததும் அப்படியே 14-ஆம் நம்பர் பேட்லாக்கைப் பார்க்க வேண்டும், தையல் விட்டு விட்டு விழுகிறதாம்.

ஆயில் கறை பட்ட இடத்தில் எழுத்து புரியாவிட்டால் போன் பண்ணு. ஏழு மணிக்கு மேல்.

அன்புடன்,
அப்பா