டான், டாஃப்: ஆங்கில ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

டெல்டா மாவட்டப் பள்ளிகளில் ஆங்கிலம் நடத்தும் ஆசிரியர்களுக்கு,

வணக்கம். என் அண்ணன் மகளின் நோட்டில், எதிர்ச்சொல் பட்டியலில், 'டான் (don) - அணி, டாஃப் (doff) - கழற்று' என்று இருந்தது. கீழே அவளே எழுதிய வாக்கியம்: 'மை மதர் டான்ஸ் எ சாரி.' சத்தமாக வாசித்தால் அண்ணி புடவையோடு ஆடுவதுபோல் கேட்கிறது. பக்கத்தில் சிவப்பு மையில் டிக். இலக்கணப்படி தப்பில்லைதான். ஆனால் ஆங்கிலம் பேசி வளர்ந்த யாரும் தன் அம்மா உடுத்துவதைப் பற்றி இப்படிச் சொல்ல மாட்டார். 'புட் ஆன்' என்பார், 'வேர்' என்பார்.

அந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் நம் பிள்ளைகளுக்குக் காதுப் பழக்கத்திலேயே தெரியும். சட்டையைப் போட்டுக்கொண்டான் என்றால் புட் ஆன், போட்டிருக்கிறான் என்றால் வேர். டான் முதல் வகை. உடுத்தும் செயலை மட்டும் சொல்லும், உடுத்தியிருக்கும் நிலையைச் சொல்லாது. 'அணி' என்று ஒற்றைச் சொல்லில் எழுதிப்போட்டால் இது போய்விடுகிறது. ஒரு விஷயத்தில் மட்டும் 'அணி' பொருத்தம். கும்பகோணத்தில் எந்த வீட்டிலும் யாரும் புடவை அணிவதில்லை, கட்டுகிறார்கள். அணிவதெல்லாம் செய்தித்தாளில்தான். டானும் அப்படித்தான், சீருடை, கவசம், விசேஷ உடை என்று வரும்போது எழுத்தில் தலைகாட்டும்.

'டூ ஆன்' சுருங்கி டான், 'டூ ஆஃப்' சுருங்கி டாஃப். 1755 இல் வந்த தன் அகராதியில் சாமுவேல் ஜான்சன் இரண்டையுமே வழக்கொழிந்தவை என்றார். டாஃப் நாட்டுப்புறத்தாரிடம் மட்டும் மிச்சமிருப்பதாகவும் எழுதினார். 19 ஆம் நூற்றாண்டு எழுத்தாளர்கள் இரண்டையும் திரும்ப எடுத்துப் புழங்கினார்கள். கொரோனா காலத்தில் கவச உடையை மாட்டவும் கழற்றவும் மருத்துவமனைகளில் டானிங், டாஃபிங் என்று தனித்தனி அறைகளே வைத்தார்கள்.

நம் ஊர்ப் பெண்கள் பலருக்கு டாஃபிங் அதற்கு முன்பே பழக்கம். திருவாரூர், நாகைப் பக்கத்திலிருந்து திண்டுக்கல், கோவை நூற்பாலைகளுக்குப் போய் வந்தவர்களைக் கேளுங்கள். ரிங் ஃபிரேம் என்னும் நூற்பு இயந்திரத்தில் நூல் நிறைந்த பாபின்களை உருவியெடுத்து வெறும் பாபின்களைச் செருகும் வேலைக்கு அதுதான் பெயர். வகுப்பில் யாராவது ஒரு பிள்ளையின் அக்கா அதைச் செய்திருப்பார். அகராதியைப் புரட்டுவதற்கு முன் அவரிடம் கேட்டுவரச் சொல்லலாமே?

மில்லுக்கு வெளியே டாஃப் அதிகம் சேருவது தொப்பியோடு. அந்தக்கால இங்கிலாந்தில் ஒருவர் தொப்பியைத் தூக்கினால் எதிரே வருபவரும் தூக்குவார். அது மரியாதை. ஆனால் அங்கேயும் எல்லாரும் மனமுவந்து தூக்கிவிடவில்லை. மனிதருக்கு முன்னால் தொப்பி கழற்ற மாட்டோம் என்றவர்கள் குவேக்கர்கள் என்னும் கிறிஸ்தவப் பிரிவினர். 1670 இல் லண்டன் நீதிமன்றத்தில் தொப்பியோடு நின்றதற்காக வில்லியம் பென் என்ற குவேக்கருக்கு அபராதம் விதித்தார்கள்.

இதைச் சொல்லிவிட்டு நம் துண்டுக்கு வாருங்கள். முன்பெல்லாம் தஞ்சைப் பண்ணைகளில் மிராசுதார் எதிரே வந்தால் பண்ணையாள் தோள்துண்டை எடுத்துக் கக்கத்தில் இடுக்க வேண்டும். மிராசுதாரின் துண்டு அவர் தோளிலேயே இருக்கும். பதிலுக்கு இறங்காது. நாகஸ்வரக்காரர்களும் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு வாசித்த காலம் அது. அப்போது திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை கிராப்பும் கோட்டுமாக மேடையேறினார் என்றால் அது வெறும் ஷோக்கு இல்லை. பண்ணையாட்களைச் சங்கமாகத் திரட்டிய பி. சீனிவாசராவையும், 1952 இல் வந்த பண்ணையாள் பாதுகாப்புச் சட்டத்தையும் ஆங்கில வகுப்பில் பேசக்கூடாது என்று எந்த விதியும் இல்லை. 'ஹி வாஸ் மேட் டு டாஃப் ஹிஸ் டவல்' என்று ஒரு பையன் எழுதினால், அந்த வாக்கியத்தில் டாஃபுக்கு வேலை இருக்கிறது. டவலோடு அது சேர்ந்து வருவதில்லையே என்று அதைச் சிவப்பு மையில் அடித்துவிடாதீர்கள்.

அப்புறம் ஒரு சின்னக் கோரிக்கை. பரீட்சைத் தாளில் அம்மாவின் புடவைக்குப் பிள்ளை 'புட் ஆன்' என்றே எழுதினால் முழு மார்க் போடுங்கள்.

இப்படிக்கு,
மன்னார்குடியிலிருந்து ஒரு சித்தப்பா