கணக்குச் சொன்ன எல்லோருக்கும்

அன்புடையீர், வணக்கம்.

போன மாதம் கல்லூரியில் எனக்குப் பணி நிறைவு விழா நடந்தது. பொன்னாடைகளையும் நினைவுப் பரிசையும் வாங்கிக்கொண்டு ஐந்து நிமிடத்தில் நன்றியுரையை முடித்துவிட்டேன். அரங்கில் இருந்தவர்களுக்கு அது போதும். ஆனால் பொருளாதார ஆசிரியராக நான் வகுப்பில் நடத்தியதற்கும், கிராமத்துக் கடனைப் பற்றி மாணவர்களோடு கணக்கெடுத்துக் கட்டுரைகளில் எழுதியதற்கும் பாதிக்குமேல் சொந்தக்காரர்கள் அந்த அரங்கில் இல்லை. அவர்களுக்கு அழைப்பிதழே போயிருக்காது. இந்த மடல் அவர்களுக்கு.

முதலில் பண்ருட்டிக்கு மேற்கே இருக்கும் அந்த ஊருக்கு. ஊரின் பெயரை எழுதமாட்டேன். கடன் விவரம் சொன்ன வீடுகளுக்கு அப்படித்தான் வாக்குக் கொடுத்திருக்கிறோம். பண்ருட்டியும் அடங்கிய பழைய தென்னார்க்காடு மாவட்டத்துக்கு இப்படிக் கணக்குச் சொல்வது புதிதல்ல. சென்னைப் பல்கலைக்கழகத்தில் பொருளாதாரப் பேராசிரியராக இருந்த கில்பர்ட் ஸ்லேட்டர், 1916இல் தன் மாணவர்களைக் கேள்வித்தாளோடு கிராமங்களுக்கு அனுப்பினார். அப்போது கணக்கெடுத்த ஊர்களில் இந்த மாவட்டத்து இருவேல்பட்டும் ஒன்று. அன்றிலிருந்து யாராவது ஒருவர் நோட்டும் பேனாவுமாக இந்தப் பக்கம் வந்து மாட்டையும் நிலத்தையும் எண்ணிக்கொண்டுதான் இருக்கிறார்கள். போதும் போ என்று சொல்லாமல் எங்களுக்கும் பாய் விரித்து மோர் கொடுத்தீர்கள். அடகுக் கடையில் இருப்பது மகளின் வளையலா மருமகளின் சங்கிலியா என்பதுவரை சொன்னீர்கள்.

அடுத்து, பஸ் நிலையத்துக்கு வெளியே தள்ளுவண்டியில் காய் விற்கும் அக்காவுக்கு. தினமும் வந்து வசூலிக்கும் தண்டல் கடனின் கணக்கை எனக்கு விளங்க வைத்தவர் அவர்தான். பத்தாயிரம் என்று எழுதிக்கொண்டு கையில் ஒன்பதாயிரம் தருவார்கள். தினம் நூறு ரூபாய், நூறு நாள். அட்டையில் ஒவ்வொரு நாளும் ஒரு கையெழுத்து. மாணவர்களிடம் கேட்டால் உடனே பத்து சதவீதம் என்பார்கள். தினமும் அசல் குறைந்துகொண்டே வருவதைச் சேர்த்துக் கணக்குப் போட்டால் ஆண்டு வட்டி 75 சதவீதத்தைத் தாண்டும். இதைப் பலகையில் போட்டு முடித்த பெருமையில் அக்காவிடமே போய்ச் சொன்னேன். அவர் வெண்டைக்காயை எடைபோட்டபடியே, "வட்டி எனக்குத் தெரியாதா சார்? பேங்குக்குப் போனா அன்னிக்கு யாவாரம் போச்சு. இந்தாளு வண்டிக்கே வராரு, ஒரு நாள் இல்லன்னா நாளைக்குத் தரேன்னு சொல்லலாம். ஆனா வாசல்ல நின்னு கத்துறவன்கிட்ட சும்மா குடுத்தாலும் வாங்கமாட்டேன்" என்றார்.

அதன்பிறகு எங்கள் கேள்வித்தாளில் ஒரு பத்தி கூடியது: கடனைக் கேட்க யார் வருவார்கள், எங்கே நின்று கேட்பார்கள்? வட்டி குறைந்த இடத்தை விட்டுவிட்டுக் கூடுதல் வட்டிக்கு ஏன் போகிறார்கள் என்று நான் எழுதியதெல்லாம் அந்தப் பத்தியிலிருந்து வந்தது. எங்கள் துறையில் மானத்துக்கு விலை போடும் வழக்கம் இல்லை. அக்கா போட்டுக் காட்டினார்.

வீடு வீடாகப் போய் உட்கார்ந்த பிள்ளைகளுக்கும் நன்றி. மத்திய அரசு எடுக்கும் தேசிய மாதிரி ஆய்வின் 2019 கணக்கில், நாட்டின் கிராமப்புறக் குடும்பங்களில் 35 சதவீதம் கடன்பட்டவை. நாங்கள் போன ஊரில் கடனில்லாத வீட்டைத் தேட வேண்டியிருந்தது. பத்து நிமிடத்தில் எழுந்துவிட்டால் "கடன் எதுவும் இல்லீங்க" என்ற பதில்தான் கிடைக்கும். இரண்டாம் தடவை போனபிறகுதான் கைமாற்று வெளியே வரும், அதற்கும் பிறகுதான் சீட்டுப் பாக்கி. 2016 நவம்பர் 8ஆம் தேதி இரவு நோட்டு செல்லாது என்று அறிவித்தபோது இந்தப் பிள்ளைகள் களத்தில்தான் இருந்தார்கள். சாப்பாட்டுக்குச் சில்லறை இல்லாமல், கேள்வி கேட்கப்போன வீட்டிலேயே சாப்பிட்டுவிட்டு வந்தார்கள். ஆய்வு முறைமைப் பாடப்புத்தகம் இதை ஒத்துக்கொள்ளாது, நான் ஒத்துக்கொண்டேன்.

பலாப்பழம் கொண்டுவந்த மாணவனை மறக்கமுடியாது. விற்பவருக்குத் தெரிந்தது வாங்குபவருக்குத் தெரியாவிட்டால் சந்தை எப்படிக் கெடும் என்று 1970இல் ஜார்ஜ் அக்கர்லாஃப் பழைய கார்களை வைத்து எழுதினார். 2001இல் நோபல் பரிசும் வாங்கினார். இதை நான் நடத்தியபோது எங்கள் வகுப்பில் பாதிப் பேர் வீட்டில் சைக்கிள்கூட இல்லை. மறுநாள் அவன் இரண்டு பலாவைத் தூக்கிவந்து மேசைமேல் வைத்து, சுண்டிச் சுண்டிச் சத்தத்தைக் கேட்கச் சொன்னான். மண்டிக்காரர் எதைக் கேட்கிறார், அவரை ஏமாற்ற என்ன செய்வார்கள், அதையும் அவர் எப்படிக் கண்டுபிடிப்பார் என்று மணி அடித்தபிறகும் பேசிக்கொண்டிருந்தான். அன்று நான் கடைசி பெஞ்சில். பழத்தை அறுத்ததும் பக்கத்து வகுப்பும் வந்துவிட்டது.

முந்திரி உடைக்கும் அம்மாக்களுக்கு: 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் மரங்களைச் சாய்த்தபிறகு நீங்கள் சொன்ன கணக்குகளைப் பத்திரமாக வைத்திருக்கிறேன். புதுக்கன்று காய்ப்புக்கு வரும்வரை வீட்டுச் செலவுக்கு வாங்கிய கடன், மரம் வளர்வதைவிட வேகமாக வளர்ந்தது. முந்திரி ஓட்டு எண்ணெயில் தோல் உரிந்த விரலால் கைரேகை இயந்திரத்தில் திரும்பத் திரும்ப அழுத்திப் பார்த்தீர்களே, அந்தப் படத்தைக் கடைசி வகுப்புவரை காட்டிக்கொண்டிருந்தேன்.

புதுச்சேரியில் பிரெஞ்சு ஆய்வு நிறுவன நூலகத்தாருக்கு நன்றி. பழைய மாவட்ட அறிக்கைகளை முகம் சுளிக்காமல் எடுத்துத் தந்தவர்கள். சாயங்காலம் பெத்தாங்க் என்னும் பிரெஞ்சுக் குண்டு விளையாட்டு ஆடச் சேர்த்துக்கொண்ட, பிரெஞ்சுப் படையில் இருந்து ஓய்வுபெற்ற சொல்தா பெரியவர்களுக்கு அதைவிடக் கொஞ்சம் கூடுதல் நன்றி. பென்ஷன் யூரோவில் வருவதால் நாணய மாற்று விகிதத்தை என் முதுகலை மாணவர்களைவிடக் கூர்ந்து பார்ப்பவர்கள் அவர்கள். இரும்புக் குண்டை எறியும்முன் இன்றைய ரேட்டைச் சொல்லிவிட்டுத்தான் எறிவார்கள். என் குண்டு எங்கே போய் விழும் என்பதையும் முன்கூட்டியே சொல்வார்கள். அதுவும் பெரும்பாலும் சரியாக இருக்கும்.

வீட்டில், ஒவ்வொரு கேள்வித்தாளையும் முதலில் படித்தவர் என் மனைவி. தெருவில் சீட்டு நடத்துபவர். "வந்ததும் வருமானத்தக் கேட்டா யாரு சொல்லுவா? மொதல்ல பிள்ளைங்க படிப்பக் கேளுங்க" என்று வரிசையை மாற்றிக் கொடுத்தார். அந்த வரிசையையே இன்றுவரை பயன்படுத்துகிறோம்.

கடைசியாக ஒரு பாக்கி. எடுத்த கணக்கில் ஊருக்கு மொத்தமாக என்ன தெரிந்தது என்பதை, எந்த வீடு என்று தெரியாதபடி, தமிழில் அச்சடித்து வைத்திருக்கிறேன். மாரியம்மன் கோயில் திடலில் வைத்துப் படித்துக் காட்ட ஆசை. முந்திரி உடைப்பும் மண்டியும் இல்லாத ஒரு ஞாயிற்றுக்கிழமையாகப் பார்த்து மேஸ்திரி அண்ணன் போன் பண்ணினால் போதும், முதல் பஸ்ஸுக்கே கிளம்பி வந்துவிடுகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் கணக்கு வாத்தியார்
(பொருளாதாரம் என்று சொன்னாலும் ஊரில் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள்)
புதுச்சேரி