மூன்று ஞாயிறாக

கண்ணு,

போனில் பேசியது பத்தவில்லை, அதனால் எழுதுகிறேன். பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் சொல்லித் தட்டச் சொல்லலாம் என்று பார்த்தேன், அப்புறம் வேண்டாம் என்று தோன்றியது, அவள் படித்துவிடுவாள். நானே ஒற்றை விரலில் தட்டிக்கொண்டிருக்கிறேன். ஐசிஎஃப் ரயில் பெட்டித் தொழிற்சாலை ஸ்டோர்ஸில் 31 வருஷம் லெட்ஜர் எழுதிய கை இது, போனில் எழுத்து எங்கே இருக்கிறது என்று தேடித் தேடியே பாதி நேரம் போகிறது.

ஒழுங்காகச் சாப்பிடுகிறாயா? மூன்று ஞாயிறாகக் கேட்கிறேன், மூன்று ஞாயிறும் "ம், ஆச்சும்மா" என்கிறாய். என்ன சாப்பிட்டாய் என்றால் பதில் இல்லை. நீ பேசும்போது பின்னால் சத்தமே இல்லை. முன்பெல்லாம் குக்கர் விசில் வரும், யாரோ பாத்திரத்தை உருட்டுவார்கள், "அம்மா, சாப்ட்டாச்சா" என்று ஒரு குரல் அந்தக் கடைசி எழுத்தை இழுத்துக்கொண்டே கேட்கும், நானும் "ம்" என்று சொல்லிவிட்டு உன்னோடு பேசுவேன். இப்போது ஃபேன் சத்தம் மட்டும்தான் வருகிறது. அதில் ஏதோ தட்டுகிறது. பேரிங் போயிருக்கும், ஆள் கூப்பிட்டுப் பார். தலைக்கு மேல் ஓடுவது, விளையாட்டில்லை.

இங்கே எல்லாம் அப்படியேதான். கணேசபுரம் சப்வேயில் தண்ணீர் நின்றால் பஸ் சுற்றிக்கொண்டு போகிறது, ஓட்டேரி வீட்டை விற்கலாமா என்று பெரியப்பா மறுபடி ஆரம்பித்திருக்கிறார், சின்ன அத்தைக்கு முட்டி வலி. உன்னைப் பற்றி விசாரித்தாள். புனேவில் பெரிய வேலையில் இருக்கிறான், கீழே 12 பேர் வேலை செய்கிறார்கள் என்று சொன்னேன். சொல்லும்போது எனக்குப் பெருமைதான், பொய் சொல்லவில்லை. ஆனால் தாத்தா நினைவு நாளுக்கு வராதவன், வைசாக புத்த பூர்ணிமைக்கும் வராதவன் என்பதையும் அவளே கணக்குப் போட்டுச் சொன்னாள், நான் வாயை மூடிக்கொண்டேன்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். வங்கிக் கணக்கில் நாமினி போட்டிருக்கிறாயா? 2024 ஆகஸ்ட் 28-ஆம் தேதி நிதி அமைச்சகம் அறிவிப்பு விட்டிருக்கிறது, உன்னைப் போன்றவர்கள் சேர்ந்து ஜாயின்ட் அக்கவுண்ட் திறக்கத் தடை இல்லை, கூட வாழ்பவரை நாமினியாகப் போடவும் தடை இல்லை என்று. ரேஷன் கார்டிலும் ஒரே குடும்பமாக எடுத்துக்கொள்ளச் சொல்லி மாநிலங்களுக்கு எழுதியிருக்கிறார்கள். கல்யாணம்தான் இல்லை. அதை நாடாளுமன்றம் பார்த்துக்கொள்ளட்டும் என்று 2023 அக்டோபர் 17-இல் ஐந்து நீதிபதிகளும் உட்கார்ந்து சொல்லிவிட்டார்கள். அது இல்லாவிட்டால் போகிறது, கையில் இருக்கும் காகிதத்தையாவது சரியாக வைத்துக்கொள். நாமினியாக ஏற்கெனவே ஒரு பெயர் போட்டிருந்தால் கோபத்தில் மாற்றாதே. கோபம் நாலு நாளில் போய்விடும், மாற்றிய ஃபாரம் போகாது. நான் பார்த்திருக்கிறேன்.

இதெல்லாம் இவளுக்கு எப்படித் தெரியும் என்று நினைப்பாய். பச்சை பீரோவின் கீழ்த் தட்டில், உன் மார்க்‌ஷீட்டுக்குப் பின்னால் ஒரு ஃபைல் இருக்கிறது. பேப்பரில் வந்ததை வெட்டி, தேதி போட்டு வைத்திருக்கிறேன். ஆபீஸ் புத்தி. ஆரம்பித்தது 2013 டிசம்பர் 11. ஆணும் ஆணும் விரும்பிச் சேர்வது குற்றம் இல்லை என்று டெல்லி உயர் நீதிமன்றம் 2009-இல் கொடுத்ததை உச்ச நீதிமன்றம் அன்றைக்கு எடுத்துக்கொண்டது. அந்தப் பக்கத்தை நான் எதற்கு வெட்டினேன் என்பது உனக்குத் தெரியும். உன் மேஜை மேல் வைத்துவிட்டு, கோர்ட்டே சொல்லிவிட்டது பார் என்றேன். நீ அதை நாலாக மடித்து என் கையில் திருப்பிக் கொடுத்தாய், ஒரு வார்த்தை பேசவில்லை. மடிப்பு இன்னும் இருக்கிறது.

அப்புறம் 2018 செப்டம்பர் 6, வியாழக்கிழமை. மத்தியானமே போன் பண்ணினாய். 377-ஆம் சட்டப் பிரிவில் அது இனிக் குற்றம் இல்லை என்று டீவியில் ஓடிக்கொண்டிருந்தது, பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். "அம்மா" என்றாய். நான் கேஸ் சிலிண்டர் புக் பண்ணி எட்டு நாள் ஆகிறது, இன்னும் வரவில்லை என்று ஆரம்பித்தேன். பத்து நிமிஷம் சிலிண்டர் பற்றியே பேசினேன் கண்ணு. நீயும் பொறுமையாகக் கேட்டு, நம்பர் வாங்கி, புகார் போட்டுக் கொடுத்தாய். சிலிண்டர் மறுநாளே வந்தது.

2021-இல் வெட்டியது சென்னை உயர் நீதிமன்றத் தீர்ப்பு. இதை மாற்றிக் காட்டுகிறேன் என்று யாரும் வைத்தியம் பண்ணக் கூடாது என்று சொன்னார்கள். அந்த நீதிபதி தனக்கு இந்த விஷயம் புரியவில்லை என்று தானே ஒப்புக்கொண்டு, ஒரு உளவியல் நிபுணரிடம் போய் உட்கார்ந்து கேட்டுவிட்டு வந்து எழுதினாராம். படித்துவிட்டு அன்றைக்கு அடுப்பு பற்றவைக்கவில்லை. அந்த ஆறு செவ்வாய்க்கிழமைகளைப் பற்றி நீ இதுவரை என்னிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை. நான் வெளியே பெஞ்சில் உட்கார்ந்து என்ன செய்துகொண்டிருந்தேன் தெரியுமா? மெத்த சுத்தம், புத்தரின் அந்த அன்புச் சூத்திரம், சொல்லிக்கொண்டிருந்தேன். "மாதா யதா நியம் புத்தம் ஆயுஸா ஏகபுத்தமனுரக்கே." ஒரு தாய் தன் ஒரே பிள்ளையை உயிரைக் கொடுத்துக் காப்பதுபோல எல்லா உயிர்கள் மேலும் அளவில்லாத அன்பை வளர்த்துக்கொள் என்று வருமே, அதுதான். ஏழு வயதில் நைனா தோளில் உட்கார்ந்து பெரம்பூர் விகாரைக்குப் போனதிலிருந்து சொல்கிறேன். புத்தர் உலகத்துக்கு அளவுகோலாக எடுத்தது தாயைத்தான். அந்தத் தாய் பெஞ்சில் உட்கார்ந்து எல்லா உயிருக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறாள், ஒரே பிள்ளை கதவுக்கு அந்தப் பக்கம்.

அப்பா இருந்திருந்தால் வேறு மாதிரி ஆகியிருக்கும் என்று சில நேரம் தோன்றும். இல்லை, இன்னும் மோசமாகத்தான் ஆகியிருக்கும், உனக்கும் தெரியும்.

பாலில் போடும் மஞ்சளை நிறுத்தாதே, புனேவில் குளிர் அதிகம்.

போன மாதம் விகாரையில் விநயம், பிக்குகளுக்கான விதிப் புத்தகம், படித்துக்கொண்டிருந்தபோது ஒரு கதை கிடைத்தது, உனக்குச் சொல்ல வேண்டும் என்று குறித்து வைத்தேன். ஒரு பிக்குவுக்கு உடம்பில் பெண் அடையாளம் வந்துவிட்டது. மற்ற பிக்குகள் ஓடிப்போய்ப் புத்தரிடம் சொன்னார்கள். அவர் ஒரு அதட்டலும் போடவில்லை, முற்பிறவிக் கணக்கும் பார்க்கவில்லை. பிக்குணிகளோடு போய் இருக்கட்டும், அதே உபாத்தியாயர், துறவேற்ற அதே உபசம்பதை, துறவில் இருந்த வருஷங்களும் அப்படியே என்றார். சீனியாரிட்டி போகவில்லை பார்த்தாயா! எங்கள் ஆபீஸில் ஒரு ஷாப்பிலிருந்து இன்னொரு ஷாப்புக்கு டிரான்ஸ்ஃபர் கேட்டாலே சீனியாரிட்டி போய்விடும், கடைசியில் நிற்க வேண்டும். படித்துவிட்டுத் தனியாகச் சிரித்தேன்.

உன் விஷயம் அது இல்லை என்று எனக்குத் தெரியும், போட்டுக் குழப்பவில்லை. நல்லதை மட்டும் பொறுக்கி எடுத்துச் சொல்கிறேன் என்றும் நினைக்காதே. அதே விநயத்தில்தான் ஆண், பெண் என்ற வகைக்குள் அடங்காதவர்களுக்குப் பண்டகர் என்று ஒரு பெயர் வைத்து, அவர்களைச் சங்கத்தில் சேர்க்கக் கூடாது என்றும் இருக்கிறது. அதற்குச் சொல்லும் காரணத்தைப் படித்தால், ஒரே ஒருவர் செய்ததை வைத்து வெளியே யானைப்பாகர்களும் குதிரைக்காரர்களும் கேலி பேசினார்கள், சங்கத்துக்குக் கெட்ட பெயர் என்று விதி வந்தது. ஊர் வாய்க்குப் பயந்த விதி. எனக்கு அது பிடிக்கவில்லை. ஆனால் தண்டையார்பேட்டைக்காரர்கள் வாய்க்குப் பயந்து நான் போட்ட விதிகள் எத்தனை? பௌத்த நாடு என்றாலே எல்லாம் சரியாகிவிடும் என்றும் இல்லை. தாய்லாந்தில் 2025 ஜனவரி 23-இலிருந்து இரண்டு ஆண்கள் பதிவுத் திருமணம் செய்துகொள்ளலாம், இலங்கையில் நம் 377 மாதிரியே வெள்ளைக்காரன் எழுதிவைத்த 365-ஆம் பிரிவு இன்னும் அப்படியே இருக்கிறது. இரண்டு ஊரிலும் "புத்தம் சரணம்" என்கிற அதே திரிசரணம்தான் சொல்கிறார்கள்.

ஃபைலில் கடைசியாகச் சேர்ந்தது 2025 மே மாதத்தது. நம் உயர் நீதிமன்றம்தான். ஒரு பெண்ணைப் பெற்றவர்கள் பிடித்துவைத்திருக்கிறார்கள் என்று அவள் தோழி வழக்குப் போட்டிருக்கிறாள். கல்யாணம் மட்டும்தான் குடும்பம் என்றில்லை, தாங்களே தேர்ந்தெடுத்துக்கொண்டதும் குடும்பம்தான் என்று இரண்டு நீதிபதிகள் எழுதியிருக்கிறார்கள். அதில் லீலா சேத்தைப் பற்றியும் வருகிறது. ஹிமாச்சலில் தலைமை நீதிபதியாக இருந்த அம்மா, 2013 தீர்ப்பு வந்ததும் என் பிள்ளை குற்றவாளியா என்று பேப்பரில் எழுதினாரே, அவர்தான். எல்லாத் தாயும் லீலா சேத் ஆகிவிடுவதில்லை என்கிற மாதிரி ஒரு வரி. அந்தப் பெண்ணின் அம்மாவைப் பற்றிச் சொன்னதுதான், என்றாலும் என்னைக் கைநீட்டிக் காட்டியது போலிருந்தது. எந்தத் தீர்ப்பை எதிர்த்து அவர் எழுதினாரோ, அதே தீர்ப்பைத்தான் நான் பேப்பரில் வெட்டி உன் மேஜையில் வைத்தேன்.

நாமினி பற்றிச் சொன்னேனே, மறக்காதே.

இன்னொன்று சொல்ல வேண்டும், அதற்காகத்தான் இதை ஆரம்பித்தேன், பாதி எழுதியும் வரவில்லை. நீங்கள் இரண்டு பேரும் வந்தீர்களே, இரண்டு நாள். வியாசர்பாடியில் அத்தோ, அந்த பர்மா நூடுல்ஸ், வாங்கிக் கொடுத்தாய், அந்தத் தம்பி காரம் தாங்காமல் கண்ணில் தண்ணீர் விட்டுக்கொண்டே இன்னொரு தட்டு கேட்டதாகச் சொன்னாய். மறுநாள் காலையில் டீ போட்டேன். உனக்கு உன் டம்ளரில் கொடுத்தேன். அவனுக்குப் பேப்பர் கப்பில் கொடுத்தேன். நைனா காரியத்தில் மீந்த கப்.

வீட்டில் டம்ளர் இல்லாமலா? 14 டம்ளர் இருக்கிறது. கை தானாக அந்த கப்புக்குப் போனது என்று இத்தனை நாள் எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன். கை எங்கேயும் தானாகப் போவதில்லை. அவன் குடித்துவிட்டு நல்லா இருக்கு அம்மா என்று சொல்லி, கப்பைத் தட்டையாக மடித்து, எங்கே போடுவது என்று உன்னைப் பார்த்தான். நீ உன் டீயைக் குடிக்கவே இல்லை. ஆறி ஆடை கட்டிக் கிடந்தது. சாயங்காலம் கிளம்பிவிட்டீர்கள், அதற்கப்புறம் நீ தனியாகத்தான் வந்தாய், அதுவும் இரண்டே தடவை.

ஆயா கதை உனக்கு மனப்பாடம். ஊரில் டீக்கடைக்கு வெளியே கொட்டாங்குச்சியில் ஊற்றுவார்கள், குடித்துவிட்டுத் தானே கழுவிக் கவிழ்க்க வேண்டும். ஒவ்வொரு வருஷமும் பாபாசாகேப் அம்பேத்கர் பௌத்தம் ஏற்ற அக்டோபர் 14 அன்று நைனா இதைச் சொல்லித்தான் பாபாசாகேப் படத்துக்கு மாலை போடுவார். பின்னி மில்லில் வேலை கிடைத்ததும் ஆயாவுக்கு அவர் முதலில் வாங்கிக் கொடுத்தது பித்தளை டம்ளர். 1898-இல் பண்டிதர் அயோத்திதாசர் இலங்கை போய்ப் பஞ்சசீலம் வாங்கிவந்து சங்கம் தொடங்கினார், அந்த வழியில் வந்தவர்கள் நாம் என்று வருகிறவன் போகிறவனிடமெல்லாம் சொல்வார் நைனா. அந்த வீட்டில், அந்தப் படத்துக்குக் கீழே, நான் ஒரு பிள்ளைக்குக் கொட்டாங்குச்சி கொடுத்தேன்.

மன்னிப்பு என்று எழுதினால் நீ உடனே "விடும்மா" என்பாய். விடாதே. கொஞ்ச நாள் கோபமாகவே இரு, பரவாயில்லை. ஆனால் என் கோபத்தை நீ அவன் மேல் காட்டியிருந்தால், அல்லது எங்கள் வீட்டு லட்சணத்தைப் பார்த்து அவனே சலித்துப்போயிருந்தால், அது எனக்குத் தெரிய வேண்டும். நான் பேச வேண்டுமென்றால் பேசுகிறேன். எனக்கு இந்தி வராது, மராத்தி சுத்தமாக வராது, அவனுக்குத் தெரிந்த தமிழ் போதும்.

நேற்று புரசைவாக்கம் போய் ஒரு எவர்சில்வர் டம்ளர் வாங்கினேன், உன்னுடையது மாதிரியே விளிம்பு வைத்தது. கடைக்காரர் பெயர் வெட்டவா என்றார். வெட்டுங்கள் என்று பெயரைச் சொன்னேன், இனிஷியல் என்ன என்றார். எனக்குத் தெரியவில்லை கண்ணு. இத்தனை வருஷமாக உன்னோடு இருக்கிற பிள்ளைக்கு இனிஷியல் என்ன என்று நான் கேட்டதே இல்லை. மகன் இனிஷியல் தெரியாதா அம்மா என்று அவர் சிரித்தார். நான் திருத்தவில்லை.

டம்ளர் கடையிலேயே இருக்கிறது. வெள்ளிக்கிழமைக்குள் சொல்லச் சொன்னார்.

அம்மா