வெறும் மாத்திரை விழுங்கிய 58 பேருக்கும்

மாட்டுத்தாவணி மார்க்கெட்டில் உதிரி மல்லிகை வாங்கி வந்து, வீட்டில் சரம் கட்டிக் கொடுத்துப் பிழைப்பவள் நான். முடக்குவாதம் வந்தபின் விடியற்காலையில் விரல் மடங்குவதற்கே ஒரு மணி நேரம் ஆகும். எதிர்வீட்டு அக்கா, அந்த நாட்களில் என் பங்கையும் நீங்கள்தான் கட்டினீர்கள். முதல் நன்றி உங்களுக்கு.

மருந்துக்கடைத் தம்பிக்கு அடுத்தது. முடக்குவாதத்துக்கு நான் விழுங்கும் மெத்தோட்ரெக்சேட் மாத்திரை அட்டையின் மேல் ஒவ்வொரு முறையும் ‘ஞாயிறு மட்டும்’ என்று கொட்டை எழுத்தில் எழுதித் தந்தாய். வாரம் ஒரு நாள் விழுங்க வேண்டியதைத் தினமும் விழுங்கினால் உயிருக்கே ஆபத்தாம்!

டாக்டரம்மா கொழுப்பு மாத்திரையும் எழுதியபோது, “மூட்டுவலிக்கு வந்தவளுக்கு இது எதற்கு?” என்று சண்டைக்குப் போனேன். என் ரத்தத்தில் கொழுப்பு அதிகம், இந்த நோய்க்காரர்களுக்கு மாரடைப்பு அபாயமும் அதிகம் என்று பொறுமையாகச் சொன்னார். மூட்டுக்கும் கேட்குமா என்றேன். அப்போதுதான் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ கதை வந்தது.

அங்கே முடக்குவாதக்காரர்கள் 116 பேர். வழக்கமான மருந்தோடு பாதிப் பேருக்குத் தினமும் 40 மில்லிகிராம் அடோர்வாஸ்டாட்டின் என்ற கொழுப்பு மாத்திரை. மீதி 58 பேருக்கு மருந்தே இல்லாத மாத்திரை. ஆறு மாதம், யாருக்கு எது என்று கொடுத்தவருக்கும் தெரியாது, விழுங்கியவருக்கும் தெரியாது. 2004இல் ‘லான்செட்’ மருத்துவ இதழில் முடிவு வந்தது. மருந்து சாப்பிட்டவர்களுக்கு வீக்கத்தைக் காட்டும் சி.ஆர்.பி. என்ற ரத்தப் புரதம் பாதியாகக் குறைந்தது. நோயின் கடுமையை அளக்கும் மதிப்பெண்ணோ அரைப் புள்ளிதான் இறங்கியது. அதற்குள் நான் மனக்கோட்டை கட்டிவிட்டேன். “மெத்தோட்ரெக்சேட்டை நிறுத்தினால் தெரியும் சேதி” என்று அதட்டினார். அந்த அதட்டலுக்கும் நன்றி, அம்மா.

கிளாஸ்கோக்காரர்களே, உங்கள் முகம் எனக்குத் தெரியாது. வலி குறைந்தால் மருந்தா, மனமா, வெயிலா என்று யார் பிரித்துச் சொல்வது? ஒன்றுமில்லாததை ஆறு மாதம் விழுங்கிய 58 பேரால்தான் அந்த அரைப் புள்ளிக்கு மதிப்பு. என் விரல் இப்போது சீக்கிரம் மடங்குகிறது. எந்த மாத்திரையால் என்று நான் சொல்லப்போவதில்லை. ஒருத்தி கணக்கு கணக்கில் சேராது.

அக்கா, நீங்கள் கட்டித் தந்த சரத்துக்கெல்லாம் கூலி பாக்கி இருக்கிறது. வேண்டாம் என்று மறுபடியும் சொன்னால் உங்கள் வீட்டு வாசலிலேயே வந்து உட்கார்ந்துவிடுவேன்.