பேச்சும் பாடமும்: கல்லூரி ஆசிரியையாகிய மகளுக்கு ஒரு கடிதம்

பாளையங்கோட்டை

அன்புள்ள மகளுக்கு,

அம்மா எழுதுவது. இங்கு அப்பாவும் ஆச்சியும் நானும் நலம். நீ திருப்பூரில் நலமாக இருக்க வேண்டும் என்பதே எங்கள் எண்ணம்.

ஞாயிற்றுக்கிழமை போனில் நீ சொன்னதைப் பற்றித்தான் இந்தக் கடிதம். வேலைக்கு ஆள் எடுக்க வளாகத் தேர்வுக்கு வந்த நிறுவனத்தார் நடத்திய குழு விவாதத்தில் உன் மூன்றாம் ஆண்டு பி.காம். பிள்ளைகளில் பெரும்பாலோர் வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்தார்கள் என்றும், எழுத்துத் தேர்வில் முன்னால் நின்றவர்களே அந்தச் சுற்றில் முதலில் வெளியேறினார்கள் என்றும், இனி இப்படி நேராமலிருக்க நிர்வாகம் வெளியிலிருந்து ஒரு பயிற்சியாளரை வரவழைத்து ஐந்து நாள் வகுப்பு நடத்தப் போகிறது என்றும் வருத்தத்தோடு சொன்னாய். வேலைக்குச் சேர்ந்த முதல் ஆண்டிலேயே இதை உன் பொறுப்பாக நினைத்து நீ கவலைப்படுவது எனக்குப் பெருமையாக இருக்கிறது. ஆனால் அந்த ஐந்து நாள் வகுப்பை நம்பி இருந்துவிடாதே. பேச்சுத் திறனைப் பாடத்திலிருந்து தனியே பிரித்து ஆறாம் பருவத்தின் கடைசி வாரத்துக்குத் தள்ளினால் அது எவருக்கும் வராது. கணக்கியல் வகுப்பிலேயே, கணக்கியலைப் பற்றியே, ஒவ்வொரு பிள்ளையும் நாள்தோறும் ஏதாவது பேசியாக வேண்டும். அதை உன்னால் செய்ய முடியும், பயிற்சியாளரால் முடியாது.

ஆங்கிலம் தெரியாததால்தான் பேசவில்லை என்று உன் துறையில் எல்லோரும் சொல்வதாகக் குறிப்பிட்டாய். அது பாதி உண்மை. நாளைக்கு வகுப்பில், நன்றாகக் கணக்குப் போடும் ஒரு பிள்ளையை எழுப்பி, "இயந்திரம் பழசாகி மதிப்புக் குறைகிற தேய்மானத்துக்காக யாருக்கும் பணம் கொடுப்பதில்லையே, பிறகு ஏன் அதை இலாபத்திலிருந்து கழிக்கிறோம்?" என்று தமிழிலேயே கேட்டுப் பார். இலாப நட்டக் கணக்கில் அதை எந்தப் பக்கம் எழுத வேண்டும் என்பது அந்தப் பிள்ளைக்குத் தெரியும். ஏன் எழுதுகிறோம் என்று வாயால் சொல்லும்படி பள்ளியிலோ கல்லூரியிலோ யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். நேர்காணலில் கேட்கப்படுவது பெரும்பாலும் அந்த 'ஏன்'தான். தாய்மொழியில் ஒரு முறைகூடச் சொல்லிப் பாராத காரணத்தை, முன்பின் தெரியாதவர் எதிரே, ஆங்கிலத்தில், முதல் முறையாகச் சொல் என்றால் எந்தப் பிள்ளையால் முடியும்?

எங்கள் கல்லூரித் தமிழ்த்துறைப் பேராசிரியர் ஒருவர் ஆசிரியர் அறையில் அடிக்கடி எடுத்துச் சொல்லும் செய்தி ஒன்று உண்டு. 13ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் செய்த நன்னூலின் பொதுப்பாயிரத்தில், மாணவன் எப்படிப் பாடம் கேட்க வேண்டும் என்பதற்கு ஒரு கணக்குத் தரப்பட்டிருக்கிறது: ஆசிரியர் சொன்னதை முழுவதும் நன்றாக உள்வாங்கினாலும் கல்வியில் கால் பங்குதான் கிடைக்கும், உடன் படிப்பவர்களோடு பழகிப் பயில்வதால் இன்னொரு கால் பங்கு வரும், கற்றதைப் பிறருக்கு எடுத்துரைக்கும்போதுதான் எஞ்சிய இரண்டு கால்களும் வந்து புலமை நிறையும். கால், அரை என்ற அளவுகளை நாம் அப்படியே பிடித்துக்கொள்ள வேண்டியதில்லை. ஆனால் அந்த வரிசையை முப்பது ஆண்டுகளுக்கு மேலாக வகுப்பறையில் நின்றவள் என்ற முறையில் நான் முழுதும் நம்புகிறேன். நம் கல்லூரிகளில் முதல் கால் பங்கோடு மணி அடித்துவிடுகிறது.

இதை வெளிநாட்டில் அளந்தும் பார்த்திருக்கிறார்கள். அறிவியல், பொறியியல், கணிதப் பாடங்களைப் பட்ட வகுப்பில் நடத்தும் முறை பற்றிய 225 ஆய்வுகளை ஒன்று சேர்த்துப் பார்த்து 2014இல் அமெரிக்காவில் வெளியான ஒரு கட்டுரை, விரிவுரை மட்டும் கேட்ட வகுப்புகளில் சராசரியாக 33.8 விழுக்காட்டினர் தோற்றார்கள் என்றும், மாணவர்களையே பேசவும் செய்யவும் வைத்த வகுப்புகளில் அது 21.8 விழுக்காடாக இருந்தது என்றும் காட்டியது. வணிகவியல் அந்தக் கணக்கில் இல்லை. ஆனாலும் காரணத்தைச் சொல்லிப் பார்த்தால்தான் கணக்கு மனத்தில் தங்கும் என்பது நம் பாடத்துக்கும் பொருந்துவதை நான் நேரில் கண்டிருக்கிறேன்.

ஒரு வகுப்பை மட்டும் சொல்கிறேன். ஒரு பொருளைச் செய்ய ஆகும் செலவைக் கணக்கிடும் அடக்கவிலைக் கணக்கியலில், தயாரிப்பில் தவிர்க்க முடியாமல் வீணாகும் இயல்பான நட்டம், அதற்கு மேல் வீணாகும் இயல்பு மீறிய நட்டம் என்ற பகுதி. புத்தகத்தில் ஏதோ ஒரு இரசாயன ஆலையின் கணக்கு இருக்கும். பிள்ளைகள் சூத்திரத்தைப் போட்டு விடையை எடுத்துவிடுவார்கள். அன்று கணக்கைத் தொடங்காமல், "உங்கள் வீட்டில் யாருக்காவது பொருளை எடை போட்டுக் கொடுத்து, முடித்த வேலையை எண்ணி வாங்குகிறார்களா?" என்று கேட்டேன். மேலப்பாளையம், முக்கூடல் பக்கத்திலிருந்து வருகிற பிள்ளைகள் நிறைய இருந்த வகுப்பு. சிறிது நேரம் அமைதி. பிறகு கடைசி வரிசையில் இருந்த ஒருத்தி எழுந்து, பீடிக் கடையில் இலையையும் தூளையும் நிறுத்துக் கொடுத்து ஆயிரம் பீடிக்கு இவ்வளவு கூலி என்று பேசுவதையும், திருப்பிக் கொண்டுபோய்க் கொடுக்கும்போது கட்டைப் பிரித்துப் பார்த்துச் சரியில்லாதவற்றைக் கழித்துவிடுவதையும், இலை ஓட்டையாகவோ கிழிசலாகவோ இருந்தால் எண்ணிக்கை குறைந்து போவதால் கைக்காசு போட்டு இலை வாங்கிச் சரிக்கட்டுவதையும் சொன்னாள். இன்னொருத்தி, "அப்படியென்றால் அந்த நட்டம் யார் கணக்கில் வரும்?" என்று கேட்டாள். "கம்பெனிக் கணக்கில் வராது, எங்க அம்மா கணக்கில்தான் வரும்" என்று இவள் உடனே சொன்னாள். அதற்குப் பிறகு அந்த வகுப்பில் நான் பேச வேண்டிய தேவையே இருக்கவில்லை. எவ்வளவு கழிவை இயல்பானது என்று ஒப்புக்கொள்ளலாம், அதை முடிவு செய்கிறவர் யார், தரம் குறைந்த இலையால் வரும் நட்டத்தை எந்தத் தலைப்பில் எழுத வேண்டும் என்று அவர்களே வாதாடி, புத்தகத்தில் உள்ள வரையறைக்கு அவர்களாகவே வந்து சேர்ந்தார்கள். அடுத்த வகுப்பில் அதே செய்தியை ஐந்து ஆங்கில வாக்கியங்களாக எழுதி வரச் சொன்னேன். அதற்கடுத்த வகுப்பில் தாளைப் பார்க்காமல் சொல்லச் சொன்னேன். பொருள் கையில் இருந்ததால் மொழி தயங்கித் தயங்கியாவது வந்தது.

உன் வகுப்பிலும் பனியன் கம்பெனியில் பீஸ் ரேட்டுக்கு, அதாவது எண்ணிக்கைக் கூலிக்கு, தைக்கிறவர்களின் பிள்ளைகள் இருப்பார்கள். அவர்கள் வீட்டில் நடப்பது முழுவதும் அடக்கவிலைக் கணக்குத்தான். அதை வகுப்புக்குள் கொண்டு வா.

செய்முறைக்கு வருகிறேன். ஹார்வர்டில் இயற்பியல் கற்பிக்கும் எரிக் மசூர், தம் மாணவர்கள் கடினமான கணக்குகளைப் போட்டுவிட்டு எளிய கருத்துக் கேள்விகளில் தடுமாறுவதைக் கண்டு, 1990களின் தொடக்கத்திலிருந்து ஒரு முறையைக் கையாண்டு வந்தார். கருத்தைச் சோதிக்கும் ஒரு கேள்வியையும் சில விடைகளையும் கரும்பலகையில் எழுது. உதாரணமாக, "நாம் கொடுத்த காசோலை இன்னும் வங்கிக்குப் போய்ச் சேரவில்லை, ரொக்கப் புத்தகத்து இருப்பைவிட வங்கியின் இருப்பு கூடுதலா, குறைவா?" என்று கேட்கலாம். ஒவ்வொருவரும் தனியாக யோசித்து, விடைக்கு உரிய வண்ண அட்டையைத் தூக்கிக் காட்டட்டும். வகுப்பு இரண்டாகப் பிரிந்திருந்தால் விடையைச் சொல்லிவிடாதே. பக்கத்தில் இருப்பவருக்குத் தன் விடை ஏன் சரி என்று விளக்கச் சொல்லிவிட்டு, மறுபடி அட்டையைத் தூக்கச் சொல். அந்தச் சில நிமிடங்களில் அறுபது பேர் வகுப்பில் முப்பது பேர் ஒரே நேரத்தில் பேசிக்கொண்டிருப்பார்கள். மேடையில் தனியாக ஏற்றினால் நடுங்குகிற பிள்ளைகூடப் பக்கத்து இருக்கைத் தோழியிடம் பேசும். கூச்சம் அங்கேதான் முதலில் உடையும். பக்கத்து வகுப்பு ஆசிரியர் சத்தம் என்று முறையிட்டால், துறைத்தலைவரிடம் முன்கூட்டியே சொல்லி வைத்துவிடு.

கேள்வி கேட்டபின் காத்திரு. மேரி பட் ரோ என்ற கல்வியியலாளர் 1970களில் பள்ளி வகுப்புகளின் ஒலிப்பதிவுகளை ஆராய்ந்து, ஆசிரியர்கள் கேள்வி கேட்டுவிட்டுச் சராசரியாக ஒரு நொடி அளவுதான் பொறுக்கிறார்கள் என்றும், மூன்று நொடியாவது பொறுத்தால் மாணவர்களின் பதில் நீளமாகவும் காரணத்தோடும் வருவதோடு வழக்கமாகப் பேசாதவர்களும் பேசத் தொடங்குகிறார்கள் என்றும் கண்டறிந்தார். மூன்று நொடி என்பது நின்று பார்த்தால் நீண்ட நேரமாகத் தெரியும். மனத்துக்குள் எண்ணிக்கொள்.

முதல் சில வாரங்களில் பிள்ளைகளே உன்னிடம் வந்து, "மேடம், நீங்களே நடத்திவிடுங்கள், அப்போதுதான் புரிகிறது" என்பார்கள். தளர்ந்துவிடாதே. 2019இல் ஹார்வர்டின் இயற்பியல் வகுப்புகளில் நடந்த ஓர் ஆய்வில், தாங்களே முயன்று கற்ற மாணவர்கள் சோதனையில் கூடுதல் மதிப்பெண் பெற்றும், நல்ல விரிவுரையைக் கேட்டவர்களைவிடக் குறைவாகக் கற்றதாகவே எண்ணிக்கொண்டார்கள். தெளிவாகச் சொல்பவரைக் கேட்கும்போது நமக்கே தெரிந்துவிட்டதாகத் தோன்றிவிடுகிறது. இதைப் பருவத்தின் தொடக்கத்திலேயே பிள்ளைகளுக்கு வெளிப்படையாகச் சொல்லிவிடுவது நல்லது.

இப்படிச் செய்தால் பாடத்திட்டத்தில் உள்ள யூனிட் முடியாதே என்பாய். குறிப்புகளைச் சொல்லச் சொல்ல எழுத வைக்கும் வழக்கத்தை விட்டுவிடு. வரையறைகளையும் நன்மை தீமைகளையும் முதல் நாளே வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டால் பாதி நேரம் மிஞ்சும். செமினார் என்ற பெயரில் திரையில் ஓடும் வரிகளைப் பிள்ளைகள் முதுகைக் காட்டி வாசிப்பதையும் நிறுத்திவிடு. படமும் எண்ணும் மட்டும் திரையில் இருக்கட்டும்.

குழு விவாதத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். நம் ஊரில் பேச்சுப் போட்டிக்கும் பட்டிமன்றத்துக்கும் குறைவில்லை. அவற்றில் பரிசு வாங்கிய பிள்ளைகள் குழு விவாதத்தில் எதிராளியை மடக்குவதிலேயே குறியாக இருந்து தேர்வாகாமல் போனதை நான் பார்த்திருக்கிறேன். அங்கே பார்ப்பது, நாளைக்கு ஒரே அலுவலகத்தில் சேர்ந்து வேலை செய்ய இவரால் முடியுமா என்பதைத்தான். அதனால் வகுப்பில் ஒரு விதி வை: தனக்கு முன்னால் பேசியவர் சொன்னதை ஒரு வாக்கியத்தில் சரியாகத் திருப்பிச் சொன்ன பிறகே தன் கருத்தைச் சொல்ல வேண்டும். முதல் நாள் பலருக்கு அது முடியாது. தன் முறை எப்போது வரும் என்று காத்திருந்தார்களே தவிர, காது கொடுத்துக் கேட்கவில்லை என்பது அவர்களுக்கே தெரிந்துவிடும். வேலையில் மேலதிகாரி சொன்னதைத் திருத்தமாக வாங்கிக்கொள்ளும் பழக்கமும் இதிலிருந்துதான் வரும்.

நேர்காணலில் "உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்" என்றால் அப்பா பெயர், ஊர், பொழுதுபோக்கு என்று ஒப்பிக்கிறார்கள். சொல்வதற்கு அவர்கள் செய்தது ஏதாவது இருக்க வேண்டுமல்லவா? இருவர் இருவராகப் பிரித்து, ஊரில் பிற கம்பெனிகளுக்காக ஜாப் ஒர்க் எடுத்துத் தைக்கும் சிறிய தையல் கூடம் ஒன்றுக்கு அனுப்பு. தாங்களே போனில் அனுமதி கேட்டு, நேரில் போய், நூல், மின்சாரம், கூலி, வாடகை எல்லாவற்றையும் விசாரித்து, ஒரு சட்டைக்கு அடக்கவிலை போட்டு, முதலாளியிடமே காட்டி, நன்றி தெரிவித்து மின்னஞ்சல் எழுதட்டும். போனில் பேசுவது, மரியாதையாகக் கேட்பது, மறுப்பைத் தாங்கிக்கொள்வது, எழுதுவது எல்லாம் அந்த ஒரு வேலைக்குள்ளேயே அடங்கிவிடும். 2022 மார்ச் 1ஆம் தேதி தொடங்கிய தமிழ்நாடு அரசின் 'நான் முதல்வன்' திட்டத்தில் உன் பிள்ளைகளுக்குப் பயிற்சிகள் கிடைக்குமே. அவற்றையும் தவறாமல் படிக்கட்டும். ஆனால் திரையைப் பார்த்துப் படித்ததை ஒரு மனிதரிடம் பேசிப் பார்க்கும் இடம் உன் வகுப்புதான்.

பயிற்சியாளர் வரும்போது நீயும் கூட உட்கார். படித்ததில் 10 விழுக்காடு, கேட்டதில் 20 விழுக்காடு என்று நினைவில் நிற்கும் என ஒரு கூம்புப் படத்தைக் காட்டினால், கல்வியியலாளர் எட்கர் டேல் 1946இல் வரைந்த அந்தக் கூம்பில் விழுக்காடே கிடையாது, பின்னால் வந்தவர்கள் சேர்த்த எண்கள் அவை என்பதைத் தெரிந்துகொள். பேச்சில் சொற்களின் பங்கு 7 விழுக்காடுதான் என்பதும் அப்படியே; 1967இல் உளவியலாளர் ஆல்பர்ட் மெஹ்ராபியன் செய்த சோதனைகள், சொல்லும் குரலும் முகமும் முரண்படும்போது ஒருவர் விருப்பு வெறுப்பை எதிலிருந்து அறிகிறோம் என்பதைப் பற்றியவை மட்டுமே. சொல்லுக்கு மதிப்பில்லை என்று நம்பி, கையசைப்பையும் புன்னகையையும் மட்டும் பழகிக்கொண்டு உன் பிள்ளைகள் நேர்காணலுக்குப் போகக் கூடாது.

ரொக்கப் புத்தகத்தையும் வங்கிக் கணக்கையும் ஒப்பிடும் வங்கிச் சரிக்கட்டும் பட்டியலுக்கும் தேய்மானத்துக்கும் நான் பயன்படுத்திய கேள்விகள் பழைய டைரியில் இருக்கின்றன. அப்பா அவற்றைத் தட்டச்சு செய்துகொண்டிருக்கிறார். நான்கு வண்ண அட்டைகளை இங்கே வண்ணார்பேட்டையில் ஓர் அச்சகத்தில் வெட்டித் தரச் சொல்லியிருக்கிறேன். வகுப்பில் மொத்தம் எத்தனை பேர் என்பதையும், அடுத்து நடத்தப் போகும் யூனிட் எது என்பதையும் புதன்கிழமைக்குள் சொன்னால், இரண்டையும் சேர்த்து வெள்ளிக்கிழமை பார்சலில் போட்டுவிடுகிறேன்.

அன்புடன்,
அம்மா