உருண்டைக்கு எது முன்பக்கம்?

அன்புள்ள தம்பிக்கு,

நுண்ணோக்கியில் நீ எடுத்த படம் வந்தது. உருண்டையான ஈஸ்ட் செல்லுக்கு முன்பக்கம் ஏது, புதுச் செல்லுக்காக எங்கே மொட்டு விடுவதென்று அதற்கு யார் சொல்வது என்று கேட்டிருந்தாய். முப்பது வருஷம் ஈஸ்டோடு குப்பை கொட்டியவளிடம், பேக்கரி வைத்தபிறகுதான் கேட்கத் தோன்றியிருக்கிறது!

தழும்புதான் சொல்கிறது. பிரிந்து போகும் ஒவ்வொரு மொட்டும் தாய் செல்லின் சுவரில் கைட்டின் என்ற கெட்டியான பொருளாலான ஒரு வளையத்தை விட்டுச்செல்லும். ஒற்றைக் குரோமோசோம் தொகுதி உள்ள செல், அதை ஒட்டியே அடுத்ததை விடும். இரட்டைத் தொகுதி என்றால் இரு முனைகளில் ஏதாவது ஒன்றில்.

தழும்பைப் படிக்க உதவும் ஆர்எஸ்ஆர்1 மரபணுவை நீக்கிவிட்டால்? மொட்டு கண்ட இடத்தில் வரும். ஆனால் ஒன்றுதான் வரும். எனக்கு இன்னமும் வியப்பு தருவது இந்த ஒன்றுதான்.

சிடிசி42 என்ற சின்னப் புரதத்தின் வேலை அது. சவ்வில் எங்கோ சில மூலக்கூறுகள் தற்செயலாக விழித்துக்கொள்கின்றன. பெம்1 என்ற இன்னொரு புரதம் அங்கே வந்து, எழுப்பிவிடும் சிடிசி24 என்ற புரதத்தையும் கூட்டிவருகிறது. அது பக்கத்தில் இருப்பவற்றையும் எழுப்ப, கூட்டம் இருக்கிற கடைக்கே கூட்டம் போகிற கதைதான். சில சமயம் இரண்டு கூட்டம் கிளம்பும். புரதம் அளவாகத்தானே இருக்கிறது, சில நிமிடங்களில் ஒன்று மற்றதைக் கரைத்துவிடும்.

அப்புறம் ஆக்டின் என்ற புரத இழைகள் அந்த இடத்தை நோக்கித் தண்டவாளம்போல் நீளும். சுவர் கட்டும் சரக்கு அதன்மேல் போகும். மொட்டின் கழுத்தில் செப்டின் என்ற புரதங்களின் வளையம் வேலி போட்டு, மொட்டுக்குரியதைத் தாய் பக்கம் வழியவிடாமல் பார்த்துக்கொள்ளும்.

சூட்டில் சிடிசி42 செயலிழக்கும் ஈஸ்ட் ரகம் ஒன்று உண்டு. 24 டிகிரியில் ஒழுங்காக மொட்டு விடும். 37-க்கு மாற்றினால் உள்ளே உட்கரு பிரியும், செல்லும் பருக்கும், ஆனால் மொட்டே இருக்காது. பூசணிக்காய்போல் உருண்டு கிடக்கும். முதல்முறை பார்த்தபோது வேறு ஏதோ பூஞ்சை கலந்துவிட்டதென்று மொத்தத்தையும் கொட்டிவிட்டேன். அதைச் சொல்லிச் சொல்லியே ஆய்வகத்தில் ஒரு வருஷம் சிரித்தார்கள்.

உன் படத்தில் இருப்பதில் பாதி ஈஸ்ட் இல்லை, மாவு. வெதுவெதுப்பான சர்க்கரைத் தண்ணீரில் கொஞ்சம் ஈஸ்டைக் கரைத்து, இரண்டு மணி நேரம் கழித்து ஒரு துளி எடுத்துப் பார். பார்த்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை கூப்பிடு.

அம்மா